திருக்கைக்கு வயசு எண்ணிய சந்தேகம்

இது நடந்த கதை. ஒரு எழுத்துக்கூடப் பொய் கிடையாது என்று வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் ஆரம்பித்தேன். வேன் டிரைவர் உடனே சிரித்துவிட்டார். சரி, கொஞ்சம் நீட்டுவேன். கையில் ரப்பர் இருந்தால் யார்தான் இழுத்துப் பார்க்க மாட்டார்கள்? பத்தில் ஒரு பங்கு நீட்டல், ஒன்பது பங்கு நிஜம். எது நீட்டல், எது நிஜம் என்று மட்டும் என்னைக் கேட்கக் கூடாது.

ஐஸ் லாரி வரவில்லை. மீன் இறக்கும் கொட்டகையில் காலிப் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தோம். டிரைவர், தராசுக்காரர், நான். எனக்கும் தன் வீட்டுக்காரருக்கும் சாப்பாடு கொண்டுவந்த என் அக்கா, தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்திருந்தாள். கதையே அவள் வீட்டுக்காரரைப் பற்றித்தான். அவர் அந்தக் கடைசியில், மீன் ஆராய்ச்சி நிலையத்துத் தொட்டிகளைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். மோட்டார் சத்தத்தில் நாங்கள் பேசுவது அவர் காதில் விழாது.

அவருக்கு ஊரில் பெயர் சந்தேகம். பெற்றவர்கள் வேறு என்னவோ வைத்தார்கள். அதை அவரே நம்புவதில்லை.

என் அக்காவைக் கல்யாணம் பேச வந்தபோது அவள் வயசைச் சொன்னோம். நம்பவில்லை. பள்ளிக்கூடச் சான்றிதழைக் காட்டினோம். சான்றிதழை வெயிலில் பிடித்துப் பார்த்தார். அப்புறம் அப்படி ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறதா என்று பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"பள்ளிக்கூடம் இருக்கு. ஆனா சுவத்துல புதுசா சுண்ணாம்பு அடிச்சிருக்காங்க" என்றார், திரும்பி வந்து.

கையில் இரண்டு கடிகாரம் கட்டுவார். ஒன்றுக்கு ஒன்று மூன்று நிமிஷம் வித்தியாசம் இருக்கும். ஏன் மச்சான், இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ளக் கூடாதா என்று ஒருநாள் கேட்டேன்.

"மாப்ள, ரெண்டும் தனித்தனியா ஓடுற வரைக்கும்தான் நம்பலாம். ரெண்டும் ஒண்ணாச் சொல்லுதுன்னு வை, ஒண்ணு இன்னொண்ணைப் பாத்து எழுதுதுன்னு அர்த்தம்."

கடிகாரம் எப்படி மச்சான் பார்த்து எழுதும் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்குச் சாப்பாடு ஆறிப்போயிருக்கும்.

இப்படிப்பட்ட ஆளுக்கு அமைந்த வேலைதான் பொருத்தம். ஆராய்ச்சி நிலையத்தில் திருக்கை மீனுக்கு வயசு எண்ணும் வேலை. நானும் அங்கேதான் இருந்தேன். எலும்பு கழுவி, தட்டில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பது என் பாடு.

"திருக்கைக்கு எதுக்குப்பா வயசு? அதுக்கென்ன ஓட்டுப் போடுற வயசா?" என்று தராசுக்காரர் கேட்டார்.

எத்தனை வயசில் குட்டி போடுகிறது, எத்தனை வருஷம் வாழ்கிறது என்று தெரிந்தால்தான் எவ்வளவு பிடிக்கலாம் என்று தெரியும். வளர நாளாகிற மீனைக் கண்டபடி வாரினால் ஒருநாள் வலை வெறும் வலையாக வரும். அதற்காக வயசு. ஆனால் திருக்கை லேசில் வயசு சொல்லாது. மற்ற மீன்களுக்குக் காதுக்குள் கெட்டியாக ஒரு கல் இருக்கும். அதை அறுத்தால் வருஷத்துக்கு ஒரு கோடு தெரியும். திருக்கையின் காதில் இருப்பது மாவு மாதிரி உதிரும். செதிலைப் பார்க்கலாம் என்றால், எண்ணுகிற மாதிரி செதிலும் இல்லை. கழுவுற மீனில் நழுவுற மீன் என்பார்களே, அது இதுதான். சில ஜாதிக்கு வாலிலும் முதுகிலும் முள் உண்டு, அந்த முள்ளில் வரி பார்க்கலாம். எங்களிடம் வந்ததற்கு அதுவும் இல்லை. மிச்சம் முதுகெலும்பு ஒன்றுதான்.

அந்த எலும்புத் துண்டு உடுக்கை மாதிரி இடுப்பு சிறுத்திருக்கும். சதையைச் சுரண்டி, மருந்துத் தண்ணீரில் ஊறப்போட்டு, நடுவில் வெங்காயத் தோல் மாதிரி மெலிசாக அறுத்து, சாயம் ஏற்றி, பூதக்கண்ணாடி மிஷினுக்கு அடியில் வைக்க வேண்டும். வெளுப்பாக ஒரு பட்டை, கறுப்பாக ஒரு பட்டை. இரண்டும் சேர்ந்தால் ஒரு வயசு. கேட்க லேசாக இருக்கும். பார்த்தால், மழையில் நனைந்த செய்தித்தாளைப் படிக்கிற மாதிரி. இது வளையமா, இல்லை அழுக்கா? இது ஒன்றா, ஒட்டிக்கொண்ட இரண்டா? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாலும் ஆளுக்கு ஒரு எண்ணிக்கை வரும்.

அதனால் ஒரு சட்டம். ஒரே எலும்பை இரண்டு பேர் எண்ண வேண்டும். ஒருவர் எண்ணியது அடுத்தவருக்குத் தெரியக் கூடாது. மீன் பெரிசா சிறிசா என்றும் சொல்லக் கூடாது. இரண்டு பேருடையதும் ஓரளவு ஒத்துப்போனால் ஏற்றுக்கொள்வார்கள். ரொம்பத் தள்ளிப்போனால் எலும்பைத் தூக்கிப்போடுவார்கள்.

நடுவில் தடுப்பாக நிறுத்திய பிளைவுட் பலகைக்கு இந்தப் பக்கம் சந்தேகம். அந்தப் பக்கம் முன்பு பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்த ஒரு அம்மா. வாயால் எண்ண மாட்டார். கையில் ஒரு சின்ன மிஷின் வைத்துக்கொண்டு, வளையத்துக்கு ஒரு தடவை 'டிக்' என்று அமுக்குவார். நான் வைத்த பெயர் டிக்டிக் டீச்சர். சந்தேகம் அதையெல்லாம் தொட மாட்டார். "மிஷின் நடுவுல ஒண்ணை முழுங்கிட்டா யாருக்குத் தெரியும்?" என்பார். அவர் பூதக்கண்ணாடித் திரையைப் பார்த்தபடி மனசுக்குள் எண்ணிக்கொண்டே, கோணி ஊசியால் பக்கத்தில் இருக்கும் அட்டையில் ஒவ்வொரு குத்தாகக் குத்துவார். கடைசியில் ஓட்டையை எண்ணிச் சரிபார்ப்பார்.

ஐந்து வருஷம் ஒழுங்காக ஓடியது. பத்து எலும்பில் நாலைந்து ஒத்துப்போகும். மிச்சத்தில் ஒன்று கூட, ஒன்று குறைய. பெரிய மேடத்துக்கு அதுவே சந்தோஷம். அந்த அறைக்கு அதிகாரி அவர்தான். அவர் முகத்தில் சந்தோஷம் எப்படி இருக்கும் என்றால், எலுமிச்சம்பழம் வெட்டின கத்தி மாதிரி கொஞ்சம் பளபளக்கும்.

அப்புறம் ஒருநாள் அந்தக் கத்தி இரண்டு பேரையும் கூப்பிட்டது. நான் வாசலில் தட்டோடு நின்றேன்.

"ஆறு மாசத்துல நூத்துப் பதினாலு எலும்பு. அதுல நூத்துப் பத்து அச்சு அசலா ஒண்ணா இருக்கு. ரெண்டு பேரும் என்ன, ஒரே கண்ணை மாத்தி மாத்திப் போட்டுக்கிறீங்களா?"

"ஒத்துப்போனா நல்லதுதானே மேடம்?" என்றார் டீச்சர்.

"இந்த வேலையில இவ்வளவு ஒத்துப்போகாது. ஒருத்தர் இன்னொருத்தரைப் பாத்து எழுதுறீங்க. யாருன்னு திங்கட்கிழமைக்குள்ள எனக்குத் தெரியணும். அவங்க அப்புறம் மைக்ராஸ்கோப் பக்கமே வரக் கூடாது. தெரியலன்னா ரெண்டு பேரும் தொட்டி கழுவப் போங்க."

சந்தேகத்தின் மூஞ்சியை அப்போது பார்க்க வேண்டுமே. ஊரையே சந்தேகப்பட்ட மனுஷனை முதல் தடவையாக ஒருவர் சந்தேகப்படுகிறார். பல் வைத்தியருக்கே பல் வலி வந்த மாதிரி நின்றார். அந்த நாற்காலி அவருக்கு வேலை மட்டும் இல்லை. ஊர் சிரிக்கிற குணத்தை ஒரு இடத்திலாவது மதித்து உட்கார வைத்த நாற்காலி. அது போனால் அவர் வெறும் சந்தேகம்தான்.

அன்றைக்கே ஆரம்பித்தார். பலகை இடுக்கையெல்லாம் பேப்பர் வைத்து ஒட்டினார். பலகைக்கு மேலே டீச்சர் எட்டிப் பார்க்கிறாரோ என்று அவர் நாற்காலியின் உயரத்தை அளந்தார். பத்தாது என்று, டீச்சரையே அளக்கலாமா என்று என்னிடம் கேட்டார்.

"அளந்தா உங்களை அங்கேயே அறுத்துச் சாயம் ஏத்திடுவாங்க மச்சான்" என்றேன்.

மேஜை இழுப்பறையில் தன் தலைமுடி ஒன்றை ஒட்டி வைத்தார், யாராவது திறந்தால் அறுந்துவிடுமாம். அவர் தலையில் இருந்ததே பதினோரு முடி. ஒரு வாரத்தில் மூன்று செலவு. முடி ஒன்றும் அறுபடவில்லை. எண்ணிக்கை மட்டும் ஒத்துக்கொண்டே இருந்தது.

அப்புறம் என் பக்கம் திரும்பினார். இரண்டு பக்கமும் போய் வருகிறவன் நான்தானே. என் சட்டைப்பையைத் தடவினார், தட்டின் அடியைத் திருப்பிப் பார்த்தார்.

"ஏன் மாப்ள நொண்டுற?"

"முழங்கால் வலி மச்சான். ஆறு மாசமா இருக்கே, தெரியாதா?"

"ம்" என்றார். அவர் 'ம்' சொன்னால் அதற்குள் நாலு பக்கத்துக்கு விசாரணை இருக்கும்.

வீட்டில் என் அக்காவையும் விடவில்லை. தான் தூக்கத்தில் எண்ணிக்கையை உளறுகிறாரா, அதை அவள் கடைத்தெருவில் டீச்சரிடம் சொல்லிவிடுகிறாளா என்று கேட்டார்.

இந்த இடத்தில் அக்கா குறுக்கே வந்தாள்.

"கேட்டாரு. நானும் சொன்னேன், நீ தூக்கத்துல குறட்டைதான் விடுற, அதையும் எண்ணி டீச்சர்கிட்ட சொல்லட்டுமான்னு. மூணு நாள் பேசல. தான் திருடி அசலை நம்பான்னு சும்மாவா சொன்னாங்க."

அக்கா அப்படிச் சொன்னதும் தராசுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் பார்த்து எழுதினவர் என்று இந்த ஒரு வருஷமாக ஊரில் எல்லாரும் சொல்வதுதான் அது. பொண்டாட்டி வாயாலேயே வந்தால் கேட்கச் சங்கடமாக இருக்கும் இல்லையா. நான் கதையைத் தொடர்ந்தேன்.

திங்கட்கிழமை மேடம் இரண்டு பேரையும் தனித்தனி அறையில் உட்கார வைத்தார். சந்தேகத்தை மாடியில் பழைய பீரோ வைக்கும் அறையில், டீச்சரைக் கீழேயே. ஒரே ஒரு எலும்பு. ஆனால் அது சாதாரண எலும்பு இல்லை. ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு திருக்கையைப் பிடித்து, ஊசி போட்டுத் திரும்பக் கடலில் விட்டிருந்தார்கள். அந்த ஊசி மருந்து எலும்பில் ஒரு கோடு இழுத்துவிடும். சும்மா பார்த்தால் தெரியாது. ஊதா விளக்குப் போட்டால் மஞ்சளாக மின்னும். அந்த மீன் அந்த வாரம்தான் திரும்ப வலையில் மாட்டியிருந்தது. மஞ்சள் கோட்டுக்கு வெளியே ஏழு வளையம் இருந்தே ஆக வேண்டும். அந்தத் திருக்கை பொய் சொன்னாலும் ஊசி பொய் சொல்லாது.

எலும்பின் போட்டோவில் வளையம் வளையமாக இரண்டு பேரும் பென்சிலால் புள்ளி வைத்துக் கொடுத்தார்கள். மேடம் ஊதா விளக்கைப் போட்டு, கோடு எங்கே வருகிறது என்று பார்த்தார்.

டீச்சர் வைத்த புள்ளி, கோட்டுக்கு வெளியே ஏழு.

சந்தேகம் வைத்தது பத்து.

"இன்னொரு தடவை பாக்குறேன் மேடம்" என்றார். பார்த்தார். எட்டு. இன்னொரு தடவை. பன்னிரண்டு. அந்த மீனுக்கே அவர் மேல் சந்தேகம் வந்திருக்கும்.

மேடம் ஊதா விளக்கை அணைத்தார். "நாளைக்குக் காலையில பேசலாம்" என்று மட்டும் சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று தொட்டி கழுவுகிற பிரஷ்ஷுக்குக்கூடத் தெரியும்.

சாப்பாட்டு நேரம். எல்லாரும் வெளியே போய்விட்டார்கள். சந்தேகம் கீழே வந்து தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் இரண்டு கடிகாரத்தையும் பார்த்தார். அப்புறம் என்னைக் கூப்பிட்டார்.

"மாப்ள, அந்தப் பக்கம் போ. டீச்சரோட மிஷினை எடு. நான் தட்டுனதும், நிதானமா அமுக்கு."

"எத்தனை தடவை மச்சான்?"

"உன் இஷ்டம். எனக்குச் சொல்லாத."

அவர் மேஜையைத் தட்டினார். நான் அமுக்கினேன். டிக். கொஞ்சம் நிறுத்தி, டிக். அப்புறம் வேகமாக இரண்டு. எனக்கு விளையாட்டாக இருந்தது. கடைசியில் நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தேன். அவர் ஊசி அட்டையில் அப்படியே நின்றது.

"எத்தனை அமுக்குன?"

"பதினாலு."

அவர் அட்டையை என் பக்கம் திருப்பினார். ஓட்டை பதினாலு. வேகமாக அமுக்கிய இரண்டு இடத்தில் ஓட்டையும் நெருக்கமாக இருந்தது. பூதக்கண்ணாடிக்கு அடியில் அவர் வைத்திருந்தது, உள்ளங்கை அகலம்கூட இல்லாத ஒரு குட்டித் திருக்கையின் எலும்பு. இரண்டு வயசு இருந்தால் அதிகம். பால் குடிக்கிற பிள்ளைக்குப் பேரன் பிறந்த கதையாக இருந்தது.

"எனக்குத் தெரியாது மாப்ள" என்றார். "நான் அந்தச் சத்தத்தைக் கேட்டதாவே நினைப்பு இல்ல. கண்ணுதான் எண்ணுதுன்னு இருந்தேன். ஆறு மாசமா காது எண்ணியிருக்கு. கண்ணு சுகமாத் தூங்கிடுச்சு. இப்ப எழுப்புனாலும் எழ மாட்டேங்குது."

நான் டீச்சரின் மிஷினை அவர் மேஜையிலேயே திரும்ப வைத்தேன்.

அவர் சுட்டுவிரலால் அந்த ஓட்டைகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே கேட்டார்.

"அஞ்சு வருஷம் இதே பலகைதான். இதே டிக்குதான். அப்ப ஏன் ஒத்துப்போகல?"

கேட்டுவிட்டு அவரே பதிலும் சொன்னார்.

"ஏன்னா அப்பல்லாம் எனக்கு ஒரு எலும்பு ஓடும்போது அந்தப் பக்கம் வேற எலும்பு ஓடும். அந்த டிக்கு எனக்குப் பொருந்தாது. காதுல வாங்க மாட்டேன். இப்ப ரெண்டு பக்கமும் ஒரே எலும்பு ஒரே நேரத்துல வருது. எப்படி மாப்ள வருது?"

கதை இந்த இடத்துக்கு வந்தபோது என் வாய் தானாக ஓடிக்கொண்டிருந்தது. எதிரே டிரைவர் பெட்டி நுனிக்கு வந்துவிட்டார், தராசுக்காரர் பாதி பீடியை மறந்துவிட்டார். இப்படிக் கேட்கிற ஆள் கிடைத்தால் நான் பல்லைக்கூடக் கழற்றிக் காட்டுவேன். அக்கா பக்கத்தில் இருப்பது ஞாபகம் இல்லை என்றுதான் வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டப்படி, ஒருவர் தட்டை இன்றைக்குக் கொடுத்தால் அடுத்தவருக்கு ஒரு வாரம் கழித்துக் கொடுக்க வேண்டும். அதுவும் எலும்புகளைக் கலைத்துப்போட்டு, வரிசையை மாற்றி. அப்படித்தான் ஐந்து வருஷம் செய்தேன். ஆனால் குளிர் அறை மாடியில். ஒரு தட்டுக்கு ஒரு தடவை ஏறி இறங்க நாற்பத்திரண்டு படி. முழங்கால் போன பிறகு இரண்டு தட்டையும் ஒரே தடவையில் கொண்டுவந்து, ஒரே வரிசையில், ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் வைத்துவிட்டேன். இதில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். எலும்பு என்ன ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்ளவா போகிறது?

"மேடம்தான் அப்படிக் கொடுக்கச் சொன்னாங்க மச்சான்" என்றேன் அவரிடம்.

அவர் என்னைப் பார்த்தார். இருபது வயசுத் திருக்கையின் எலும்பைப் பார்க்கிற மாதிரி, உள்ளேயிருந்து வெளியே வரை, ஒரு வளையம் விடாமல். பள்ளிக்கூடத்துச் சுண்ணாம்பை நம்பாத மனுஷன். மேடத்தின் அறை பத்தடியில் இருக்கிறது. போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

"சரி" என்றார்.

அவ்வளவுதான். எழுந்து போனார். மேடத்திடம் அவர் பேசியது வாசல் வரைக்கும் கேட்டது.

"டீச்சர் மேல தப்பில்ல மேடம். அவங்க எண்ணுனதை நான்தான் எடுத்திருக்கேன். கண்ணால இல்ல, காதால. நான் எண்ணுனதையெல்லாம் கிழிச்சுப் போட்டுடுங்க. அவங்களோடது சரியா இருக்கும்."

"உங்களுக்குத் தெரிஞ்சே செஞ்சீங்களா?"

"தெரியாதுன்னுதான் நினைக்கிறேன். ஆனா நான் சொல்றதை நீங்க நம்ப வேணாம். நானா இருந்தா நம்ப மாட்டேன்."

என் பெயர் அதில் வரவே இல்லை. மறுநாள் முதல் அவர் கையில் பிரஷ். பத்து நாளில் நான் முழங்காலைச் சாக்குச் சொல்லி ஐஸ் பக்கம் மாற்றிக்கொண்டேன்.

முடித்துவிட்டு நிமிர்ந்தேன். டிரைவர் முதலில் பேசினார்.

"நல்லா இருக்குப்பா. ஆனா அந்த நாப்பத்திரண்டு படி நீட்டல்தானே? ரெண்டு தட்டும் நீதான் வச்சேங்கிறதும்? கதை முடியணும்னு சேர்த்துக்கிட்ட."

"ஆமா" என்று சொல்ல வாய் எடுத்தேன்.

"படி நாப்பத்திரண்டுதான்" என்றாள் அக்கா. தூக்குவாளி மடியிலிருந்து தரைக்கு வந்துவிட்டது. "நான் உனக்குச் சாப்பாடு எடுத்துக்கிட்டு ஏறியிருக்கேன். எண்ணியிருக்கேன். டேய், இங்க பாரு. ஒரு வருஷமா அந்த மனுஷனைத் திருடன் மாதிரி பாத்துக்கிட்டிருக்கேன். நீ அதே வீட்டுல உக்காந்து என் கையால சாப்பிட்டிருக்க."

"அக்கா, அவன் சும்மா அளக்குறான். இவன் சொன்னா பூனை யானைக்குட்டி போடும்" என்றார் டிரைவர்.

"எது அளக்குறது? அதுதான் இவன் சொன்னதுலயே நிஜம்" என்று தராசுக்காரர் எழுந்தார். "முழங்கால் வலிக்காரன் எப்படிய்யா ஐஸ் கட்டி தூக்குறான்? அதைச் சொல்லச் சொல்லு."

"நீ எடையைப் பாரு, அவன் முழங்காலைப் பாக்காத."

"என் எடையில என்னய்யா குறை கண்ட?"

"அதை வேற நான் சொல்லணுமா?"

தராசுக்காரர் டிரைவரின் சட்டையைப் பிடித்தார். டிரைவர் உட்கார்ந்திருந்த பெட்டி உருண்டது. நான் நடுவில் புகுந்து, "நிறுத்துங்க, எது நீட்டல்னு நானே சொல்லிடுறேன்" என்றேன். "நீ வாயைத் திறக்காத" என்று இரண்டு பேருமே என்னைப் பிடித்துத் தள்ளினார்கள். அக்கா தூக்குவாளியை எடுத்துக்கொண்டு தொட்டிகளின் பக்கமாக வேகமாக நடந்தாள். என் பங்குச் சாப்பாடும் அதில்தான் இருந்தது. அங்கே மோட்டார் நின்றுவிட்டிருந்தது. சந்தேகம் பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடி, என்ன சத்தம் என்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.